கல்லூரி நிதியுதவிப் படிவத்தில் சிறுதொழில் செலவுகளைக் காட்டும் முறை

அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் பெற்றோர், பிள்ளையின் கல்லூரி நிதியுதவிக்காக மத்திய அரசின் விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தைத் திறந்ததும், கடை வாடகையையும் கூலியையும் எழுதும் கட்டத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். அப்படியொரு கட்டம் அதில் கிடையாது. செலவுகள் வருமான வரிப் படிவத்திலேயே கழிக்கப்பட்டுவிடுகின்றன. தனி உரிமையாளராக இருந்தால், தொழிலின் லாப நட்டத்தைக் காட்டும் வரிப் படிவ இணைப்பான ஷெட்யூல் சி-யில் சரக்கின் அடக்கவிலை 4ஆம் வரியிலும், மற்றச் செலவுகளின் கூட்டுத்தொகை 28ஆம் வரியிலும், வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான கழிவு 30ஆம் வரியிலும் இடம்பெற, எஞ்சும் நிகர லாபம் 31ஆம் வரியில் நிற்கும். நிதியுதவிக் கணக்கு அந்த நிகரத் தொகையைத்தான் பார்க்கிறது.

ஆகவே, செலவைச் சரியாகக் காட்டும் வேலை வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. 2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா 2024ஆம் ஆண்டின் வரிக்கணக்கைக் கேட்கிறது. பிள்ளை பத்தாம் வகுப்பின் பிற்பாதியிலும் பதினோராம் வகுப்பின் முற்பாதியிலும் இருந்தபோது சேர்த்த ரசீதுகளே இப்போது பேசுகின்றன. ஒப்புதல் அளித்தால் வரித்துறையிடமிருந்து விவரங்கள் நேராகப் படிவத்துக்கு வந்துவிடும். ஒப்புதல் மறுத்தால் மத்திய அரசின் நிதியுதவிக்கே தகுதி இல்லாமல் போகும். கையால் நிரப்ப நேர்ந்தால், மொத்த வரவை வருமானமாக எழுதிவிடாதீர்கள். நிகர லாபத்திலிருந்து செலவுகளை மறுபடி கழித்துவிடவும் கூடாது.

தொழிலின் மதிப்பு தனிக் கேள்வி. 2024-25, 2025-26 ஆகிய இரு ஆண்டுகளுக்கான படிவங்களில் சிறுதொழிலின் நிகர மதிப்பையும் சொத்தாகக் காட்ட வேண்டியிருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, குடும்பத்துக்குச் சொந்தமாகவும் அதன் கட்டுப்பாட்டிலும் உள்ள, 100 முழுநேரப் பணியாளர்களுக்கு மேற்படாத தொழிலுக்கு 2026-27 முதல் விலக்கு உண்டு. விலக்கு மதிப்புக்கு மட்டுமே, லாபத்துக்கு இல்லை. வெறுமனே வாடகைக்கு விட்ட வீட்டைத் தொழில் என்று சொல்லி இந்த விலக்கில் சேர்ப்பதும் தவறு. அது முதலீடாகவே கணக்கிடப்படும்.

உண்மையான சிக்கல் சி.எஸ்.எஸ். புரொஃபைலில்தான் இருக்கிறது. தனியார் கல்லூரிகள் பல கேட்கும் இந்தப் படிவம் தொழிலின் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் விசாரிக்கிறது. வரித்துறை ஏற்ற செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டிலிருந்து விருந்துச் சமையல் தொழில் நடத்தும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம்: மொத்த வரவு 62,000 டாலர், செலவு 41,000, நிகர லாபம் 21,000. செலவில் 9,000 டாலர் வேனின் தேய்மானம் என்றால், அந்த ஆண்டில் கையிலிருந்து போகாத பணம் என்று கருதி அதைத் திரும்பக் கூட்டி, வருமானத்தை 30,000 என்று கல்லூரி கொள்ளக்கூடும். தொழில் நட்டத்தையும் இப்படியே ஒதுக்கிவிடும் கல்லூரிகள் உண்டு. எனவே வேனைக் கடனில் வாங்கியிருந்தால், அந்தக் கடனுக்கு ஆண்டுதோறும் உண்மையில் எவ்வளவு கட்டினீர்கள் என்பதை, சிறப்புச் சூழல்களை விளக்கும் பகுதியில் தொகையோடு எழுதுங்கள். வரி குறைவதற்காகக் குடும்பச் செலவைத் தொழிலில் ஏற்றி எழுதுவது நேர்மையும் அல்ல, இங்கே பயனும் தராது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த விசாரணை பாதிச் சுமைதான்.

2024க்குப் பிறகு வியாபாரம் சரிந்திருந்தால், படிவத்திலுள்ள எண்ணை நீங்களே மாற்றக் கூடாது. படிவத்தை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் மறுபரிசீலனை கோரி எழுதுங்கள். நடப்பாண்டின் மாதவாரி லாப நட்டக் கணக்கு, வங்கி அறிக்கைகள், கைவிட்டுப் போன ஒப்பந்தத்தின் கடிதம் ஆகியவற்றை இணைத்து அனுப்பினால், அதிகாரி தம் விருப்புரிமையைப் பயன்படுத்தி வருமானத்தைத் திருத்த இடமிருக்கிறது.