மெஸ்ஸுக்கு ஆட்சேபம், மசாலாவும் முடங்கியது

எங்கள் பெயரை வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிய, மசாலாப் பொடிக்கு 30, ஊறுகாய்க்கு 29, மெஸ்ஸுக்கு 43 என மூன்று வகுப்புகளையும் (பொருள், சேவை வாரியான பதிவுப் பிரிவுகள்) டிஎம்-ஏ படிவத்தில் ஒரே விண்ணப்பமாகப் போட்டிருந்தோம். ஒரே விண்ணப்பம் என்பதற்காகக் கட்டணம் குறையாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் சான்றிதழ் இருந்தால் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனி என்றால் 9,000.

பரிசோதனை அறிக்கையில் 43-க்கு மட்டும் ஆட்சேபம் வந்தது. காதில் கேட்டால் எங்கள் பெயர் போலவே ஒலிக்கும் ஓட்டல் பெயர் ஒன்று ஏற்கெனவே பதிவில் இருந்ததாம். பொடிக்கும் ஊறுகாய்க்கும் சிக்கலே இல்லை, ஆனாலும் விண்ணப்பம் மொத்தமாக நின்றுவிட்டது. சரி என்று, டிஎம்-எம் படிவம் போட்டு விண்ணப்பத்தைப் பிரிக்கச் சொன்னோம். பிரித்தாலும் முதலில் தாக்கல் செய்த தேதி இரண்டு பங்குக்கும் அப்படியே நிற்கும். அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம் 29, 30 இரண்டும் வணிகக் குறி இதழில் வெளியாகி, மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான நான்கு மாதக் காலமும் கழிந்து பதிவாகிவிட்டன. மெஸ் விசாரணை இன்னும் இழுக்கிறது.