டீயும் நிகோட்டின் கம்மும்: குன்னூர் குளிரில் சிகரெட்டை விட்ட அனுபவம்

குன்னூர்க் குளிரில் காலை டீயும் சிகரெட்டும் ஜோடி. விட நினைத்தபோது எனக்கு இடறியதும் அந்த டீதான். சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிகோட்டின் கம்மை வாயில் வைத்துக்கொண்டே டீ, காபி, எலுமிச்சைச் சாறு குடித்தால் வாயில் அமிலம் கூடும். நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே ஏறாது. கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீர் மட்டும்.

அடுத்த தப்பு, சாதா சூயிங்கம் போல விடாமல் மெல்லுவது. சாறு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரைமணி நேரம் வரும்.

எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. கம், மற்றவருக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் முடிக்கலாம். மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டுக் கம்மைத் திட்டுபவர்கள்தான் அதிகம்! கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் புகைப்பவருக்கு மூச்சு இன்னும் அதிகமாக வாங்குவது அதனால்தான். புகைப்பதை நிறுத்திய ஓரிரு நாளில் அந்த வாயு வெளியேறிவிடும்.

ஆலோசனைக்கு 1800-112-356, இலவசம்.