செட்டிநாட்டு வீட்டில் வைஃபை எட்டவில்லையா? காசு செலவழிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளத்தூரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னால் உள்ள பகுதி), அடுப்படி என்று நிலைக்கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில். அத்தனையும் திறந்திருந்தால் முன்வாசலில் நின்றே பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். இந்த வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது ரவுட்டரை முகப்பில் மாட்டிவிட்டுப் போனார்கள். முகப்பில் படம் ஜோராக ஓடியது. ஆனால் அப்பத்தா உட்காருவது இரண்டாங்கட்டில். சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியோடு அங்கிருந்துதான் பேசுவார்கள்.

"ஏம்ப்பா, பிள்ளை முகம் அப்படியே நிக்குதே" என்று ஃபோனை நீட்டுவார்கள். "முகப்புக்கு வாங்க அப்பத்தா" என்போம். எண்பது வயதுக்கு மேல் முட்டி வலியோடு ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டி வருவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதைச் சரிசெய்யக் கிளம்பி நாங்கள் செய்த செலவில் பாதி வீண் செலவு. அப்புறம் கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை என்று சொந்தக்காரர்கள் வீடுகளிலும் பார்த்துவிட்டேன். எல்லோரும் செய்வது ஏறத்தாழ அதே தவறுகள்தான்.

அளக்காமல் வாங்குவது

நெட் மெதுவாக இருக்கிறது என்றதும் பலர் 100 எம்பிபிஎஸ் வேகத் திட்டத்தை 200 ஆக மாற்றுகிறார்கள். மாதாமாதம் கூடுதல் பணம் போகும், இரண்டாங்கட்டில் நிலைமை அப்படியேதான் இருக்கும். வீட்டுக்குள் வரும் இணையம் வேறு, ரவுட்டரிலிருந்து ஃபோனுக்கு வரும் வைஃபை வேறு. எது குறை என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை வேகத்தைச் சோதியுங்கள், பிறகு தொல்லை இருக்கும் இடத்தில் ஒரு தடவை. பக்கத்தில் நன்றாக இருந்து தூரத்தில் படுத்துவிட்டால், இணைப்பில் குறை இல்லை. திட்டத்தை மாற்ற வேண்டாம்.

ஃபோனில் தெரியும் கோடுகளையும் நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை சிக்னலை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாகப் போகும். 75ஐத் தாண்டினால் திணறும், 80ஐத் தாண்டினால் இருந்தும் இல்லாத மாதிரிதான். இதில் பத்து குறைந்தாலே சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செயலியோடு நான் வீடு முழுக்க நடந்தேன். ரவுட்டரைத் தற்காலிகமாக வளவில் வைத்துவிட்டு, வளவை ஒட்டிய அறை ஒன்றுக்குள் போனேன். திறந்த கதவுக்கு நேராக நின்றால் மைனஸ் 61. அதே அறையில் நாலடி தள்ளிச் சுவர் மறைவில் நின்றால் மைனஸ் 74. நாலடிதான் வித்தியாசம்! அந்தச் சுவரை டேப் வைத்து அளந்தேன், 20 அங்குலம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தத் திண்மை, வெயிலைப் போலவே வைஃபையையும் உள்ளே விடுவதில்லை. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறியிருந்தால் இன்னும் மோசம், ஈரம் அலையை உறிஞ்சிவிடும்.

நம் வீடுகளில் அலை சுவரைத் துளைத்து வருவதில்லை, கதவு வழியாகவும் முற்றத்தின் வழியாகவும்தான் வருகிறது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ரவுட்டரை முகப்பில் விட்டுவைப்பது

ஃபைபர் தெருவிலிருந்து வருகிறது, அதனால் ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் எல்லா அறைகளும் திறப்பது வளவை நோக்கித்தான். வளவுத் தூண் ஒன்றின் ஓரமாக, ஆறேழு அடி உயரத்தில் ரவுட்டர் இருந்தால் நாலு பக்கத்து அறைக் கதவுகளும் அதன் கண்ணுக்கு நேராகத் தெரியும். நடுவில் மறைக்க முற்றத்துக் காற்றைத் தவிர எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம் இதுதான், பெரிய செலவில்லாதது. ஃபைபரை உள்ளே நீட்டித் தரும்படி இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் ஃபைபர் பெட்டியை முகப்பிலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை மட்டும் வளவுக்குக் கொண்டுபோகலாம்.

மழைச்சாரல் படாத தூணாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புப் பீரோவின் மேலோ, டிவிக்குப் பின்னாலோ, அலமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம். பழைய பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்புறத்து உலோகப் பூச்சும் அலையைத் திருப்பியடிக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் ரவுட்டரை மறைத்து வைத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றடி நகர்த்தியதும் பக்கத்து அறை முழுக்கச் சிக்னல் வந்துவிட்டது.

ஆன்டெனாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. குச்சி செங்குத்தாக இருந்தால் அலை சுற்றிலும் பக்கவாட்டில் பரவும், குச்சியின் நுனி காட்டும் திசையில் மிகக் குறைவாகத்தான் போகும். அதனால் குச்சியின் நுனியைத் தொல்லை இருக்கும் அறைப் பக்கம் சாய்த்துவைப்பது நேர் எதிரான பலனைத் தரும். மாடியிலும் சிக்னல் வேண்டுமென்றால் ஒன்றை நிமிர்த்தி, மற்றொன்றைப் படுக்க வையுங்கள்.

ஆறு குச்சி ரவுட்டரும் ரிப்பீட்டரும்

எங்கள் பணம் வீணானது இங்கேதான். "ஆறு ஆன்டெனா இருக்கு, மூணு கட்டும் தாண்டும்" என்று கடையில் சொன்னார்கள், வாங்கினோம். முகப்பில் கொஞ்சம் கூடியது, இரண்டாங்கட்டில் ஒன்றும் மாறவில்லை. வைஃபை என்பது இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி. ரவுட்டர் முகப்பிலிருந்து உரக்கக் கூப்பிடலாம். அதைக் கேட்டு ஃபோன் பதில் சொல்ல வேண்டுமே? உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருக்கும் ஃபோனின் ஆன்டெனாவுக்கு அவ்வளவு குரல் கிடையாது. கோடுகள் நிறையத் தெரிந்தும் படம் நகராததற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

அடுத்து ரிப்பீட்டர், வரும் வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி. அது கெட்ட சாமான் இல்லை, வைக்கும் இடம்தான் தவறாகிறது. சிக்னல் இல்லாத இரண்டாங்கட்டிலேயே அதைச் செருகினால், தனக்கே எட்டாததை அது எப்படிப் பிறருக்குக் கொடுக்கும்? மைனஸ் 60, 65 வாக்கில் இருக்கும் நடு இடத்தில், வளவின் பின்பக்கக் கதவருகில் வைக்க வேண்டும். இன்னொன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ள மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுப்பதால், வேகம் பாதியாகிவிடும். வாட்ஸ்அப் பேச்சுக்கு அது போதும். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் டிவியும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்றால் போதாது.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்று எல்லா ஃபோன்களையும் அதிலேயே சேர்த்துவிடுவதும் நம் வீடுகளுக்குச் சரிவராது. அது சுவரைக் கண்டால் சீக்கிரம் துவண்டுவிடும். ரவுட்டர் இருக்கும் கட்டுக்குள் 5, அதைத் தாண்டினால் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி இழுப்பதற்குத் தயங்குவது

இரண்டு கட்டுகளுக்கு நடுவே குறைந்த செலவில் நிலையான தீர்வு, ஒரு லேன் கேபிளும் ஒரு பழைய ரவுட்டரும்தான். பெட்டியில் சும்மா கிடக்கும் ரவுட்டரே போதும். புதிதாக வாங்கினாலும் சாதாரண ரவுட்டர் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், பெரும்பாலான வீடுகளுக்கு அது தாராளம். கேட் 5இ வகையே ஒரு கிகாபிட் வரை போகும், அதற்கு மேல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவு, நாளாக நாளாக முனையில் தொடர்பு விட்டுப்போகும். முனை அடிப்பவர் எட்டு இழையையும் சரியாக அடித்தாரா என்றும் பாருங்கள். நாலு இழை மட்டும் சேர்ந்தாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

பழைய ரவுட்டரை இணைப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கேபிளை அப்படியே செருகிவிட்டு, அதன் டிஹெச்சிபியை அணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். டிஹெச்சிபி என்பது ஒவ்வொரு ஃபோனுக்கும் முகவரி கொடுக்கும் வேலை. வீட்டில் இரண்டு ரவுட்டர் அந்த வேலையைச் செய்தால், சில ஃபோன்களில் வைஃபை சேர்ந்திருக்கும், நெட் வராது. எங்கள் வீட்டில் இரண்டு நாள் இப்படித் தவித்தோம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்சஸ் பாயின்ட் என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முதலில் அதன் முகவரியை மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை வான் (WAN) துளையில் செருகாமல் லேன் (LAN) துளை ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் இருப்பதையே கொடுங்கள். சேனலை மட்டும் மாற்றுங்கள், அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் இந்த மூன்றுதான்.

பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதல் என்பது கிராமங்களில் பெரிய விஷயம் இல்லை, தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. காரைக்குடி செக்காலைப் பக்கம் நெருக்கமான வீடுகளில் இருப்பவர்கள்தான் செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்த சேனலுக்கு மாற வேண்டும்.

சுவரில் கை வைப்பது

இதை மன்றாடியே கேட்கிறேன். கேபிளுக்காகச் சுவரைக் குடைய வேண்டாம். அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு பூசி, முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது. டிரில்லர் பட்டு ஒரு பாளம் பெயர்ந்தால், சிமென்ட் வைத்து அடைத்த இடம் காலத்துக்கும் தழும்பாகத் தெரியும். அதே வேலைப்பாட்டைச் செய்யும் கொத்தனாரைத் தேடிப்பிடிக்க ஆகும் செலவில் பத்து ரவுட்டர் வாங்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருப்பதற்கு இந்தக் கைவேலைகளும் ஒரு காரணம்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. கதவு நிலைக்கு மேலே உள்ள காற்றுத் துளை, ஜன்னல் கம்பி இடுக்கு எல்லாம் கேபிளுக்குப் போதும். மின்கம்பியோடு ஒட்டி நெடுக ஓட விடாமல் ஒரு அடி தள்ளிக் கொண்டுபோங்கள். முற்றத்துக்குக் குறுக்கே வானம் பார்க்கக் கட்டாதீர்கள். வெயிலில் மேலுறை வெடிக்கும், பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு ரவுட்டரும் போகும். ஓட்டுச் சரிவுக்கு அடியில், தாழ்வாரத்தைச் சுற்றிக் கொண்டுபோனால் பத்து மீட்டர் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வெள்ளையடிக்கும் நேரத்தில் ஃபைபரைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் சாமான்களை ஒதுக்கியவர்கள், மெல்லிய ஃபைபர் ஒயரை இறுக்கமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, கூராக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தது, கல்யாணத்தன்று நேரலை போகவில்லை. சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு தட்டு அளவுக்காவது வட்டம் இருக்கட்டும்.

கடைசியாக மின்சாரம். இரண்டாவது ரவுட்டர் வைத்த பிறகு அதையும் இன்வெர்ட்டர் வரும் பிளக்கில் செருக மறந்துவிடுகிறோம். கரண்ட் போனால் முகப்பில் நெட் இருக்கும், இரண்டாங்கட்டில் இருக்காது. அங்கே இன்வெர்ட்டர் பிளக் இல்லையென்றால், ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும். வாங்கும் முன் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில ரவுட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகலாம்.