எந்த வேவர்லி?

பழைய துடுப்புச் சக்கர நீராவிக்கப்பல் ஒன்று கடைசியில் என்ன ஆனது என்று தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பேரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வழி தவறுவது அங்கேதான்.

1907-இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில், ஜான் பிரவுன் தளத்தில் கட்டிய கப்பல் 'பாரி'. (நம் பறம்புமலைப் பாரியில்லை, வேல்ஸ் துறைமுக ஊர்.) முதல் உலகப்போரில் அது 'பாரிஃபீல்ட்' ஆனது. 1926-இல் உல்லாசப் பயணக் கப்பல்கள் நடத்திய கேம்பல் கம்பெனியிடம் 'வேவர்லி' ஆனது. இரண்டாம் உலகப்போரில் கடற்கண்ணிகளை அகற்றப் போனபோது 'ஸ்னேஃபெல்'. 1941 ஜூலை 5 அன்று, இங்கிலாந்தின் சண்டர்லாந்துக்கு அப்பால் ஜெர்மன் விமானக் குண்டுவீச்சில் மூழ்கியது. வேவர்லி என்று மட்டும் தேடினால் இந்த முடிவு கண்ணில் படாது.

மாறாக, 1940 மே 29 அன்று பிரான்சின் டன்கர்க்கிலிருந்து வீரர்களை ஏற்றித் திரும்பும்போது மூழ்கிய வேவர்லிதான் முதலில் கிடைக்கும். அது 1899-இல் கட்டிய வேறு கப்பல். அதன் இடத்துக்கு 1946-இல் நீரில் இறக்கிய வேவர்லி இன்றும் கடலில் ஓடுகிறது. தாத்தா பேரை வைத்துக்கொண்ட பெயரன்! இது போதாதென்று, முதல் போரில் டார்ப்பிடோ தாக்கி மூழ்கிய இன்னொரு ஸ்னேஃபெலும் உண்டு. அதற்குத் துடுப்புச் சக்கரமே கிடையாது.

எனவே பதிவு எண்ணைப் பிடியுங்கள். 1855 முதல் பிரிட்டனில் பதிவான கப்பல்களுக்குக் கொடுத்த எண் பேர் மாறினாலும், முதலாளி மாறினாலும் மாறாது. கப்பலின் முதன்மை உத்தரத்திலேயே அதைச் செதுக்கிவைப்பார்கள்.

புகைப்படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். புகைபோக்கியைப் பாருங்கள். கேம்பல் கம்பெனியின் புகைபோக்கி முழு வெள்ளை. கிளைட் நதியில் ஓடிய 1899, 1946 வேவர்லிகளுக்கு முதலில் பூசியது சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, உச்சியில் கறுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்திலும் இது தெரியும். போர்க்காலப் படமென்றால் உதவாது, எல்லாமே சாம்பல் நிறம்.

'சேவையிலிருந்து விலக்கப்பட்டது' என்ற வரியைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவது இன்னொரு தவறு. 1937-இல் கட்டிய 'ரைடு' 1969-இல் ஓய்வுபெற்றது. பிறகு வைட் தீவில், மெடினா ஆற்றங்கரையில் 'ரைடு குவீன்' என்ற பேரில் இரவு விடுதியாக இருந்தது. 1977-இல் தீப்பிடித்தது. உடைக்க யாரும் எடுத்துப்போகவில்லை. அதே ஆற்றுச் சேற்றில் பல பத்தாண்டுகளாகத் துருப்பிடித்துச் சரிந்துகொண்டே வந்தது.