ஒரே குடும்பம்தான், ஆனாலும் வாழைக்கு உப்பு ஆகாது: தனிம அட்டவணை படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திற்கு அருகே மேல்நிலை மாணவர்களுக்கு வேதியியல் பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவரின் வகுப்பில், அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, சென்ற மாதம் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தேன். அவர் லித்தியம் தொடங்கி பிரான்சியம் வரை ஆறு கார உலோகங்களையும் கரும்பலகையில் மேலிருந்து கீழாக அழகாக எழுதிவிட்டு, "சோடியத்தைத் தெரிந்துகொண்டால் போதும், மற்ற ஐந்தும் அதே குடும்பம், அதே குணம்" என்றார். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் என் சித்தப்பாவின் வாழைக் கொல்லையில் செயல்படுத்தியும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொட்டாசியத்தின் குறியீட்டைக் 'கே' என்று எழுதாமல் 'பி' என்று எழுதுவது, தொகுதியையும் (மேலிருந்து கீழாகச் செல்லும் நிரல்) தொடரையும் (இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசை) மாற்றிச் சொல்வது போன்ற தவறுகளை இங்கே பேசப்போவதில்லை. காவிரி டெல்டாவில் வளரும் பிள்ளை 'என்.பி.கே. 17:17:17' என்று அச்சிட்ட உர மூட்டையை ஒருமுறை கவனித்துப் படித்தால் முதலாவது தானே சரியாகிவிடும். இரண்டாவது ஒரு மாதப் பயிற்சியில் போய்விடும்.

குடும்பம் என்றால் ஒரே குணம் என்று எண்ணுவது

நான் இளநிலை வேதியியல் இறுதியாண்டில் இருந்தபோது பொட்டாஷ் உரத்தின் விலை ஏறியிருந்தது. திருவையாற்றுப் பக்கம் படுகையில் சித்தப்பா 300 பூவன் கன்றுகள் வைத்திருந்தார். வாழை மற்ற பயிர்களைவிட மிகுதியாகப் பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளும் பயிர். கைச்செலவுக்குத் திணறிக்கொண்டிருந்த அவரிடம், விடுமுறைக்கு வந்திருந்த நான், சோடியமும் பொட்டாசியமும் முதலாம் தொகுதியில் மேலும் கீழுமாக இருப்பவை என்றும், இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான்தான் என்றும், இரண்டும் குளோரினுடன் சேர்ந்து ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வெள்ளை உப்பைத் தருகின்றன என்றும், ஆகவே பொட்டாஷ் உரமான பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாகச் சாதாரண உப்பான சோடியம் குளோரைடைப் பாதியளவாவது போடலாம் என்றும் விளக்கினேன். சொன்ன வேதியியல் உண்மைகள் ஒவ்வொன்றும் சரியானவை. 'ஆகவே' என்ற சொல் ஒன்றுதான் தவறு.

தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதும் என் துணிச்சலுக்குக் காரணமாயிற்று. கடலோரத்து மரமான தென்னை உப்பைத் தாங்கும். உப்பிலுள்ள குளோரைடும் அதற்குப் பயன்படும். இவை தென்னையின் இயல்புகள் என்று எண்ணாமல், முதலாம் தொகுதி மெய்ப்பித்துக்காட்டிய உண்மை என்று எடுத்துக்கொண்டேன். வேதாரண்யத்து உப்பு மூட்டை வந்து இறங்கியது.

சில வாரங்களில் இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகத் தொடங்கியது. காய்க்கு முன்பே இலை விற்ற காசில் குடும்பச் செலவை ஓட்டுவது டெல்டாவின் வாழைக்காரர்களுக்குப் பழக்கம். ஓரம் கருகிய இலையை எந்த வியாபாரியும் கட்டில் சேர்க்கமாட்டார். வந்தவர் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். சித்தப்பா என்னிடம், "தம்பி, தென்னைக்குப் போட்டது வாழைக்கு ஆகும்னு உங்க புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆற்றுத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து மண்ணை மீட்டார்கள். அந்தப் பருவத்து இலைக்காசு திரும்பவில்லை.

எங்கே தவறினேன் என்பது பின்னர்தான் விளங்கியது. வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒரு தனிமம் எத்தனை எலக்ட்ரானை விடும், எந்த விகிதத்தில் சேரும் என்பதைச் சொல்லும். குடும்ப ஒற்றுமை பெரும்பாலும் அந்த அளவோடு சரி. அணுவின் பருமன் ஒவ்வோர் அடிக்கும் மாறுகிறது. எலக்ட்ரானை இழந்து மின்சுமை பெற்ற அணுவான அயனியை எடுத்துக்கொண்டால், சோடியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 102 பிக்கோமீட்டர், பொட்டாசியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 138 பிக்கோமீட்டர். மின்சுமை ஒன்றேயானாலும், சிறியதான சோடியம் அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. உயிரணுக்களின் சவ்வில் பொட்டாசியத்திற்கென்று அமைந்த வாயில்கள் அந்த 138 என்ற அளவுக்கே பொருந்தியவை. பொட்டாசியம் தன் நீர்ப்போர்வையைக் களைந்துவிட்டு எளிதில் நுழையும், சோடியம் அவ்வாறு நுழையாது. இலைத்துளைகளைத் திறந்து மூடும் வேலையைப் பெரும்பாலான பயிர்களில் பொட்டாசியமே செய்கிறது. மண்ணில் சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து சேறாகி, காய்ந்தபின் இறுகித் தண்ணீர் இறங்க வழியின்றி அடைத்துக்கொள்கின்றன. அத்தகைய நிலத்தைத் திருத்த ஜிப்சம் இடுகிறார்கள். அதிலுள்ள இரண்டாம் தொகுதிக் கால்சியம், இரட்டை மின்சுமை கொண்டிருப்பதால், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிட்டு அதன் இடத்தில் தான் அமர்கிறது.

குடும்பத்திற்குள் இருக்கும் இந்த வேறுபாடுகளைப் பாடநூலே ஒளிக்காமல் சொல்கிறது. நாம்தான் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். காற்றில் எரிக்கும்போது லித்தியம் பெரும்பாலும் சாதாரண ஆக்சைடையும், சோடியம் பெராக்சைடையும், பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடையும் தருகின்றன. கார உலோகங்களில் லித்தியம் மட்டுமே காற்றிலுள்ள நைட்ரஜனுடன் நேரடியாகச் சேர்ந்து நைட்ரைடு ஆகும். லித்தியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் சிதையும். சோடியம் கார்பனேட் உருகுமே தவிர எளிதில் சிதையாது. இவ்வகையில் லித்தியம் தன் தொகுதியைக் காட்டிலும் மூலைவிட்டத்தில் இருக்கும் மெக்னீசியத்தையே ஒத்திருக்கிறது. பதினான்காம் தொகுதிக்கு வந்தால் வேறுபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கும். கார்பனும் சிலிக்கனும் அடுத்தடுத்த உறவினர். இரண்டும் ஆக்சிஜனுடன் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்திலேயே சேர்கின்றன. ஒன்று நாம் வெளிவிடும் மூச்சில் போகும் வாயு. மற்றொன்று காவிரியில் கால் புதையும் மணல். அதே தொகுதியில் இன்னும் கீழே இறங்கினால் ஈயம் என்ற உலோகம் வந்துவிடுகிறது.

ஆகவே அந்த இளைஞரிடம், சோடியத்தை நடத்தியவுடன் 'மற்றவையும் அப்படியே' என்று முடிக்காமல், 'எதில் அப்படியே, எதில் இல்லை' என்ற இரண்டு கேள்விகளையும் கரும்பலகையிலேயே எழுதச் சொன்னேன். நேரம் இல்லை என்றார். நானும் அந்நாளில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே போகப் போக வினைத்திறன் கூடும் என்பது

முதல் தவறின் தம்பி இது. கார உலோகங்களில் கீழே இறங்கினால் வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து தொலைவாகிறது, எளிதில் விடுபடுகிறது, வினைத்திறன் கூடுகிறது. எலக்ட்ரானை விடுவதற்கு மாறாக வாங்கிக்கொள்ளும் ஹாலஜன்களில் (குளோரின், அயோடின் போன்றவை) அதே தொலைவு எதிர்மாறாக வேலை செய்யும். ஆகையால் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரினைச் செலுத்தினால் அயோடின் வெளியேறுகிறது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அயோடினைச் சேர்த்தால் ஒன்றும் நடப்பதில்லை. பதினோராம் தொகுதியும் உலோகம்தானே, அங்கேயும் கீழே போனால் வினைத்திறன் கூடும் என்று நினைத்தால் அங்கும் கணக்குத் தப்பும். சுவாமிமலையில் வார்க்கப்படும் ஐம்பொன் திருமேனிகளில் செம்பு பெரும்பங்காகவும், வெள்ளியும் பொன்னும் சிறிதளவாகவும் சேர்வதுண்டு. இம்மூன்றும் அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. செம்பு பச்சை பிடிக்கும், வெள்ளி கந்தகம் பட்டால் கறுக்கும், இம்மூன்றில் கீழே இருக்கும் பொன் எளிதில் எதற்கும் அசையாது. திசையை மனப்பாடம் செய்யாமல், இந்தக் குடும்பம் எலக்ட்ரானை விடுகிறதா வாங்குகிறதா, விடுவதாயின் கரு அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வதே வழி.

மந்த வாயுக்கள் எதனுடனும் சேரா என்று எழுதுவது

1962இல் நீல் பார்ட்லெட் செனான் என்ற மந்த வாயுவின் சேர்மத்தை உருவாக்கிக் காட்டிய பிறகு இப்படி எழுதலாகாது.

ஹைட்ரஜனைக் கார உலோகம் என்பது

நிற்கும் இடம் அங்கே; உலோகம் அன்று.

அணு நிறையைப் பிடித்துக்கொண்டு வரிசைப்படுத்துவது

1869இல் மெண்டலீவ் அணு நிறையை அடிப்படையாகக் கொண்டுதான் அட்டவணையை அமைத்தார் என்பதைப் படித்துவிட்டு, இன்றைய அட்டவணையும் அப்படியே என்று எழுதுவோர் உண்டு. மெண்டலீவே அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படவில்லை. டெல்லூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினின் அணு நிறை 126.9, நிறைப்படி அயோடின்தான் முன்னே வரவேண்டும். அயோடினின் நடத்தை குளோரின், புரோமின் ஆகியவற்றின் நடத்தையாக இருந்ததால் அதை அவற்றின் கீழேயே வைத்தார். டெல்லூரியத்தின் நிறையை யாரோ தவறாக அளந்துவிட்டார்கள் என்று கருதினார். அளவு தவறில்லை. 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்ணே (கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) உண்மையான வரிசை என்று காட்டியபின் 52, 53 என்று இரண்டும் ஒழுங்காக அமர்ந்தன. நிறையையே பிடித்துக்கொண்டிருந்தால் 39.95 கொண்ட ஆர்கான் கார உலோகங்களின் வீட்டிலும், 39.10 கொண்ட பொட்டாசியம் மந்த வாயுக்களின் வீட்டிலும் குடியேறியிருக்கும்.

தொகுதி எண்ணிலிருந்தே இணைதிறனைச் சொல்லிவிடுவது

இணைதிறன் என்பது ஒரு தனிமம் பிறவற்றோடு சேரும் அளவு. ஓரங்களிலுள்ள தொகுதிகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். நடுவிலுள்ள இடைநிலை உலோகங்களில் கைவிடும். எட்டாம் தொகுதியில் இருக்கும் இரும்பு சாதாரணமாக இரண்டோ மூன்றோ எலக்ட்ரான்களைத்தான் விடும். இரும்புச்சத்துள்ள போர் தண்ணீர் குழாயிலிருந்து வரும்போது தெளிவாக இருந்து, குடத்தில் சிறிது நேரம் நின்றதும் செம்பழுப்பாகக் கலங்குவது, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு காற்றுப்பட்டு மூன்றாவதையும் இழப்பதனால்தான்.

அடியில் தனியாக நிற்கும் இரண்டு வரிசைகளைத் தனிக் குடும்பம் என்பது

லாந்தனைடுகள், ஆக்டினைடுகள் எனப்படும் இவை தாளின் அகலம் போதாமல் கீழே இறக்கியவை. அவற்றின் இடம் 6ஆம், 7ஆம் தொடர்கள்.

அட்டவணையை விடைத்தாளாக மட்டும் பார்ப்பது

மெண்டலீவ் வெற்றிடம் விட்டுவைத்த கட்டங்களில் 1875இல் காலியமும், 1879இல் ஸ்கேண்டியமும், 1886இல் ஜெர்மானியமும் வந்து அமர்ந்தன என்பதைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஒரு கட்டத்தையாவது தாமே கணித்துப் பார்த்தவர்கள் அரிது. நான் என் வகுப்பில் ஸ்ட்ரான்சியத்தின் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டு, மேலே கால்சியத்தின் விவரத்தையும் கீழே பேரியத்தின் விவரத்தையும் தருவேன். அணு நிறை 40, 137 என்றால் நடுவில் 88.5 என்பார்கள், உண்மை 87.6. உருகுநிலை 842, 727 என்றால் ஏறத்தாழ 785 பாகை செல்சியஸ் என்பார்கள், உண்மை 777. வகுப்பில் ஒரே குதூகலமாக இருக்கும். ஜெர்மன் வேதியியலர் டோபரைனர் 1829இல் மூன்று மூன்றாகத் தனிமங்களைக் கட்டியபோது கண்ட மகிழ்ச்சியும் இதுவே.

அந்தக் குதூகலம் அடங்குவதற்குள் மெக்னீசியத்தின் மேல் தாளை ஒட்டுவேன். பேரியம் 727, ஸ்ட்ரான்சியம் 777, கால்சியம் 842 என்று ஏறி வந்த வரிசையைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாரும் 900க்கு மேல் சொல்வார்கள். தாளை எடுத்தால் 650 இருக்கும். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அய்யா, மெக்னீசியத்தோட அணுக்கள் அடுக்கியிருக்கிற விதமே வேறயா இருக்குமா?" என்று கேட்டாள். கால்சியத்தின் படிக அடுக்கு ஒரு வகை, மெக்னீசியத்தின் படிக அடுக்கு வேறு வகை. உருகுநிலையைப் பேசும்போது வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணினால் மட்டும் போதாது, அணுக்கள் அடுக்கப்பட்ட முறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அன்றைய வகுப்பு மணி அடித்த பின்பும் அரைமணி நேரம் நீண்டது.