பழைய .22 ரைஃபிள் வாங்கும்போது சேம்பர் விளிம்பைப் பாருங்கள்

ராணுவத் துப்பாக்கி சாயலில் வரும் .22 ரிம்ஃபயர் ரைஃபிளை செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால், முதலில் பார்க்க வேண்டியது சேம்பர் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) வாயின் விளிம்பு. மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, சேம்பரை மூடும் போல்ட்டைப் பின்னால் நிறுத்தி டார்ச் அடியுங்கள். ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) விழும் இடத்தில் பஞ்சுக் குச்சியை ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினாலோ, சின்னப் பள்ளம் தெரிந்தாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள். பள்ளம் ஆழம் என்றால் வேண்டாம்.

ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் தோட்டாவின் நடுவில் அடிக்காது, அதன் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்திக்கொண்டே இருந்தால், சில மாடல்களில் அந்த அடி நேராக சேம்பர் எஃகில் விழுந்து உள்பக்கம் பிசிறு கிளப்பும். அப்புறம் தோட்டா ஏறுவதும் கூடு வெளியேறுவதும் சிக்கல்தான். பார்க்க அசல் மாதிரியே இருக்கும் துப்பாக்கியைக் கையில் வாங்கிய பலரும் இப்படி அழுத்திப் பார்ப்பார்கள் என்பதால், இந்த ரகத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ரூகர் 10/22 போல, ஃபயரிங் பின் சேம்பரைத் தொடாதபடி வடிவமைத்த மாடல்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது. வெறும் பிசிறு மட்டும் என்றால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சரிசெய்துவிடுவார்.