கேமரா சிஸ்டம் மாத்தணுமா? மொதல்ல விட்ட படத்துக்கு ஒரு கணக்கு எழுதுங்க

மும்பை மாட்டுங்கால ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் போனா பூக்கடை வரிசை இருக்குமே, அங்க பூ கட்டுற ஒரு அக்காவ ரெண்டு வருஷமா படம் எடுக்க ட்ரை பண்ணேன். கைல நிக்கான் டி750, அதுல 24-120 எம்எம் ஜூம் லென்ஸ். தூக்குன உடனே அக்கா முந்தானைய சரி பண்ணிட்டு, கட்டறத நிறுத்திட்டு, நேரா பாத்து "எந்த டிவி தம்பி?"ன்னு கேப்பாங்க. எனக்கு வேண்டியது அந்தக் கை. வாழை நார விரல்ல சுத்தி, ரெண்டு ரெண்டு பூவா எதிரும் புதிருமா வெச்சு, ஒரு சுண்டு சுண்டினா முடிச்சு விழும் பாருங்க, அது ஒரு தடவ கூட சிக்கல.

சிஸ்டம், அதாவது பாடி லென்ஸ் எல்லாம் சேத்து, மாத்தப் போறேன்னு சொல்றவங்க பாதி பேர் என்கிட்ட கேக்கறது எந்த பிராண்டு நல்லதுன்னு. இப்போ எல்லா பிராண்டும் நல்லாத்தான் இருக்கு, அத வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. நான் சொல்றது, கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் போன்ல ஒரு நோட்டு போடுங்க. எடுத்த படத்துக்கு இல்ல, விட்ட படத்துக்கு. நல்ல சீன் பாத்தேன் எடுக்கல, ஏன் எடுக்கல, ஒரே வரி, அவ்ளோதான்.

நான் எழுதினப்ப ஒரு மாசத்துல 41 வரி வந்துச்சு. அதுல 26 "கேமரா வீட்ல இருக்கு". 9 "ஆளு பாத்துட்டு வெறச்சுட்டாரு". ஃபோகஸ் விட்டுச்சு, வெளிச்சம் பத்தல, ரேஞ்ச் பத்தல எல்லாம் சேத்து வெறும் 6. அதுவரைக்கும் நான் புது சென்சார், புது ஆட்டோஃபோகஸ்னு வீடியோ பாத்துட்டு இருந்தேன், என் பிரச்சன அதுல இல்லவே இல்ல, கேமராவ வெளிய எடுத்துட்டு போறதுலயே இருந்துச்சு. சயன்லேந்து காலைல எட்டரை லோக்கல்ல ஒன்றரை கிலோ கேமராவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஏறிப் பாருங்க, புரியும்.

அடுத்தது எடுத்த படத்த பாருங்க. லைட்ரூம்ங்கற படம் அடுக்கற சாஃப்ட்வேர்ல மெட்டாடேட்டா ஃபில்டர் போட்டா எந்த ஃபோகல் லெங்த்ல (லென்ஸோட எம்எம் நம்பர்) எத்தன படம்னு எண்ணிடலாம். ஆனா எல்லாத்தையும் எண்ணாதீங்க, கல்யாணம், டூர் குரூப் ஃபோட்டோ எல்லாம் தள்ளிடுங்க, நீங்களே திரும்பத் திரும்ப பாக்கற படம் ஒரு 100 இருக்குமே, அத மட்டும் எண்ணுங்க. எனக்கு பாதிக்கு மேல 30 எம்எம்லேந்து 40 எம்எம்குள்ள விழுந்துச்சு. அப்போ 24லேந்து 120 வரைக்கும் எதுக்கு சுமக்கறேன்?

இங்க ஒண்ணு சொல்லிடறேன், இது என் கதை, எல்லாருக்கும் சின்ன கேமரா தான் சரின்னு அர்த்தம் இல்ல. செம்பூர்ல இருக்கற என் பெரியப்பா பையன் சிவ்ரி சதுப்புக்கு ஃபிளமிங்கோ எடுக்கப் போறவன். அவன் நோட்டு போட்டா "பறவை தூரம், பத்தல"ன்னு தான் பக்கம் பக்கமா வரும். அவனுக்கு ரெண்டு வழி. இருக்கற பாடியில பெரிய டெலி வாங்கறது, இல்லன்னா மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ங்கற சின்ன சென்சார் கேமரா பக்கம் போறது, அதுல 300 எம்எம் போட்டா ஃபுல் ஃப்ரேம்ல (என் டி750 மாதிரி பெரிய சென்சார்) 600 போட்ட மாதிரி பார்வை கெடைக்கும், எடையும் கம்மி. அதே மாதிரி சண்முகானந்தா ஹால்ல டான்ஸ் எடுக்கறவங்க ஃபுல் ஃப்ரேம்ல எஃப் 2.8 ஜூமோட (எஃப் நம்பர் கம்மியானா வெளிச்சம் ஜாஸ்தி உள்ள வரும்) இருக்கறவங்கன்னா அப்படியே இருங்க. சத்தம் வரக்கூடாதுன்னு மிரர்லெஸ், அதாவது உள்ள கண்ணாடி இல்லாத கேமராவுக்கு போனாலும், சைலன்ட்ல எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா எல்இடி லைட்டுக்கு படத்துல பட்டை பட்டையா கோடு விழலாம், வாங்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துடுங்க.

சென்சார் சைஸ் பத்தி ரொம்ப பயப்படறாங்க. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 எம்எம், அத விட சின்ன ஏபிஎஸ்-சி சுமாரா 23.5க்கு 15.6. நடுவுல ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்துல பாதிக்கு பாதி வித்தியாசம்னு வெச்சுக்கலாம். ஏபிஎஸ்-சில எஃப் 2 போட்டா பின்னாடி மங்கறது ஃபுல் ஃப்ரேம்ல எஃப் 3 போட்ட அளவுக்கு இருக்கும். ராத்திரி தெரு எடுக்கறவங்களுக்கு அது கொஞ்சம் தெரியும், காலைல எடுக்கற எனக்கு சுத்தமா தெரியல.

பழைய லென்ஸ அடாப்டர் போட்டு ஓட்டலாமேன்னு கேப்பீங்க. ஓட்டலாம், ஆனா கவனிங்க. டிஎஸ்எல்ஆர்ல, அதாவது டி750 மாதிரி பழைய வகையில, கண்ணாடிக்கு எடம் வேணும்னு லென்ஸ் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் தூரம் ஜாஸ்தி, நிக்கானோட எஃப் மவுன்ட்ல 46.5 எம்எம். மிரர்லெஸ்ல கண்ணாடி இல்ல, நிக்கானோட மிரர்லெஸ் மவுன்ட்டான ஜெட்ல வெறும் 16. அந்த இடைவெளியில தான் அடாப்டர் உக்காருது. கேனானோட பழைய இஎஃப் லென்ஸ் மிரர்லெஸ் ஆர்எஃப் பாடியில கம்பெனி அடாப்டரோட நல்லாவே ஃபோகஸ் ஆகும். நிக்கான்ல தான் ஒரு குழி இருக்கு, பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்கு உள்ள மோட்டார் கெடையாது, பாடியில இருக்கற மோட்டார் தான் அத திருப்பும், நிக்கானோட எஃப்டிஜெட் அடாப்டர்ல அந்த மோட்டார் இல்ல. அதனால 50 எம்எம் 1.8டி, 80-200 டி வெச்சிருக்கறவங்க எஃப்டிஜெட்டோட ஜெட் போனா கையால தான் ஃபோகஸ் பண்ணணும். இத பில் போட்டப்பறம் தெரிஞ்சுக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுங்க, இத விட்டுடாதீங்க. சினிமா சீரியல் ஆளுங்களுக்காக அந்தேரி பக்கம் வாடகைக் கடைங்க நிறைய இருக்கு, ஐடி கேப்பாங்க, டெபாசிட் கேப்பாங்க, சனி ஞாயிறுக்கு கெடைக்கும். எடுத்துட்டு போய் புது எடத்துல சுத்தாதீங்க, எப்பவும் தோத்துப் போற எடத்துக்கே போங்க. நான் ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கற ஃபுஜி எக்ஸ்-டி3யும் 23 எம்எம் எஃப் 2வும் எடுத்துக்கிட்டு நேரா பூக்கடைக்கு போனேன். டி750 பேட்டரி கார்டோட 840 கிராம், 24-120 எஃப் 4 ஒரு 710, ஆக 1,550. ஃபுஜி 539, லென்ஸ் 180, மொத்தம் 719. பாதிக்கும் கம்மி. அந்த 23, ஃபுல் ஃப்ரேம் கணக்குல 35 மாதிரி, என் கண்ணு கேட்டது அதான். நாலு முழம் மல்லி வாங்கினேன், ஸ்க்ரீன மேல மடக்கி இடுப்பு உயரத்துல வெச்சு எடுத்தேன், அக்கா ஒரு தடவ பாத்தாங்க, "சில்லறையா குடு"ன்னுட்டு கட்டறத தொடர்ந்தாங்க. முடிச்சு விழுந்துச்சு. ரெண்டு ஃப்ரேம் ஷேக், மூணாவது சரி. அந்த பாடியில கை நடுக்கத்த சமாளிக்கற ஸ்டெபிலைசேஷன் இல்ல, அதனால ஷட்டர் ஸ்பீட நான் இப்போ 1/250 செகண்டுக்கு மெதுவா விடறதில்ல.

நம்ம ஊர் மழைய மறந்துடாதீங்க. ஜூன்லேந்து செப்டம்பர் வரைக்கும் தெருவுல எடுக்கறதா இருந்தா பாடி, லென்ஸ் ரெண்டுமே தண்ணி உள்ள போகாம சீல் பண்ணதா இருக்கணும், ஒண்ணு மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல. எக்ஸ்-டி3 சீல் பண்ணது, 23 எஃப் 2வும் அப்படித்தான், ஆனா எல்லாரும் ஆசைப்படற ஃபுஜியோட அந்த பழைய 35 எஃப் 1.4 அப்படி இல்ல.

செகண்ட்ஹேண்ட்னா ஃபோர்ட்ல போரா பஜார் பக்கம் நாலு கடை ஏறி எறங்குங்க. நான் ஒரு லென்ஸ ஆன்லைன்ல பாத்து, தாதர் பிரிட்ஜ்ல நின்னுக்கிட்டு ஒரு ஆள்கிட்ட அவசரமா வாங்கினேன், வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சா உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். அந்தாளு போன் எடுக்கல. அதனால அப்பர்ச்சர் (லென்ஸ் உள்ள வெளிச்சம் வர்ற ஓட்டை) முழுசா தொறந்து, பின்பக்கமா போன் டார்ச் அடிச்சு, சாச்சு சாச்சு பாருங்க. எஃப் 16ல வெறும் வானத்த ஒரு படம் எடுத்தா சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியா தெரியும். பில் இல்லாத இம்போர்ட் பீஸ் சல்லிசா வரும், இங்க வாரண்டி வராது. வீட்ல காத்து புகாத டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40லேந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சா போதும்.

பழசு எல்லாத்தையும் ஒரே நாள்ல விக்காதீங்க. பாடிக்கு வெல சீக்கிரம் எறங்கும், அத மொதல்ல தள்ளுங்கன்னு சொல்லுவாங்க, கணக்குப்படி சரி, ஆனா நான் 24-120அ வித்து அந்த காசுல 23 வாங்கினேன், டி750யும் 85 எம்எம்மும் இன்னும் பீரோல இருக்கு, தை மாசம் தங்கச்சி கல்யாணம் வருது. விக்கறப்ப ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் எத்தன தடவ அடிச்சிருக்குன்னு கேப்பாங்க, நிக்கான்ல எடுத்த படத்தோட ஃபைல்லயே அது இருக்கும், டி750 ஷட்டர் 1,50,000 தடவைக்கு டெஸ்ட் பண்ணதுன்னு கம்பெனியே சொல்லுது, அத வெச்சு பேரம் பேசுங்க.

பேட்டரி பத்தியும் சொல்லிடறேன், டி750க்கு கம்பெனி கணக்கு ஒரு சார்ஜுக்கு 1,230 படம், எக்ஸ்-டி3க்கு 390 தான். கூட ரெண்டு வாங்கிடுங்க. அப்பறம் நிக்கான்லேந்து வர்றவங்களுக்கு, லென்ஸ் மாட்டற திசை ஃபுஜில தலைகீழ். கை பழக்கத்துல கழட்டறதா நெனச்சு இறுக்குவீங்க, மாட்டியாச்சுன்னு நெனச்சு கைய விடுவீங்க. மொதல் ரெண்டு வாரம் மெத்த மேல உக்காந்து மாத்துங்க, பிளாட்ஃபார்ம்ல வேணாம்.